விண்வெளியிலிருந்து பார்த்தால் நம் தோட்டம் தெரியுமா?

மலேசியாவின் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தோட்டத்தில் வேலை செய்யும் தம்பி ஒருவர் கேட்ட கேள்வி இது: "என் மகள் ஆறாம் ஆண்டு படிக்கிறாள். விண்வெளியிலிருந்து பார்த்தால் சீனப் பெருஞ்சுவர் மட்டும்தான் கண்ணுக்குத் தெரியும் என்று யாரோ அவளிடம் சொல்லியிருக்கிறார்கள். அப்படியென்றால் நம் தோட்டம் தெரியாதா என்று விடாமல் கேட்கிறாள். உண்மையில் விண்வெளி வீரர்களுக்கு மேலிருந்து என்னென்ன தெரியும்?"

தம்பி, முதலில் பாப்பாவிடம் இதைச் சொல்லிவிடுங்கள். அவள் கேள்விப்பட்டது தலைகீழ். தோட்டம் தெரியும், பெருஞ்சுவர்தான் தெரியாது. இனி காரணத்தைச் சொல்கிறேன். கொஞ்சம் நீளமாகத்தான் வரும். பள்ளியில் இயற்பியல் சொல்லிக்கொடுத்த காலத்தில் எனக்கு மிகவும் பிடித்த பாடங்களில் இதுவும் ஒன்று.

"விண்வெளி" என்று சொன்னால் எவ்வளவு உயரம் என்று கேட்டுக்கொள்ள வேண்டும். மனிதர்கள் நீண்ட காலமாகத் தொடர்ந்து தங்கியிருக்கும் இடம் அனைத்துலக விண்வெளி நிலையம். 2000ஆம் ஆண்டு நவம்பரிலிருந்து ஒரு நாள்கூட அது ஆளில்லாமல் இருந்ததில்லை. தரையிலிருந்து சுமார் 400 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுகிறது. நம் ஊரிலிருந்து ஜொகூர் பாருவுக்குச் சாலையில் போகும் தூரம்கூட இல்லை. அவ்வளவு பக்கத்தில் இருப்பதால் அவர்களுக்குப் பூமி முழுப் பந்தாகத் தெரிவதில்லை. வளைந்து இறங்கும் ஒரு பெரிய நிலப்பரப்பாகத் தெரிகிறது. நம் தலைக்கு நேர் மேலே அந்த நிலையம் இருக்கும்போது எல்லாத் திசையிலும் 2,000 கிலோமீட்டருக்கு அப்பால்தான் அவர்களுடைய அடிவானம். மேகம் மறைக்காவிட்டால் தீபகற்பம் முழுவதும், சுமத்ரா, தாய்லாந்து வளைகுடா எல்லாம் ஒரே பார்வையில் அடங்கிவிடும்.

இனி கண்ணைப் பற்றி. நல்ல பார்வை உள்ள ஒருவர், ஒரு மீட்டர் தள்ளி வைத்த தாளில் மில்லிமீட்டரில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு இடைவெளி விட்டு வைத்த இரண்டு புள்ளிகளை இரண்டாகப் பிரித்துப் பார்ப்பார். அதைவிட நெருங்கினால் இரண்டும் ஒன்றாகிவிடும். தூரம் கூடக்கூட இந்த அளவும் அதே விகிதத்தில் கூடும். பத்து மீட்டரில் மூன்று மில்லிமீட்டர், 400 கிலோமீட்டரில் கிட்டத்தட்ட 120 மீட்டர். பந்து விளையாடும் திடலின் நீளம் என்று வைத்துக்கொள்ளுங்கள். விண்வெளி வீரரின் வெறுங்கண்ணுக்கு உங்கள் தோட்டத்துத் திடல் முழுவதும் ஒரே ஒரு புள்ளி. அதன் கோல் கம்பமோ, ஓரத்து மாரியம்மன் கோயிலோ, தொழிலாளர்கள் குடியிருக்கும் லயத்து வீடுகளோ தனித்தனியாகத் தெரியாது.

இங்கே எனக்கு மிகவும் பிடித்த ஒரு விஷயம் இருக்கிறது. அந்த விண்வெளி நிலையமும், சூரியத் தகடுகளையெல்லாம் சேர்த்து, ஒரு முனையிலிருந்து மறு முனை வரை 109 மீட்டர்தான். ஏறக்குறைய உங்கள் திடலின் அளவு! ஆகவே நாம் திடலில் நின்று அதைப் பார்ப்பதும், அதிலிருந்து ஒருவர் நம் திடலைப் பார்ப்பதும் ஒரே கணக்கு. இரண்டு பக்கத்துக்கும் ஒரு புள்ளிதான். ஆனால் நமக்கு அந்தப் புள்ளி பளிச்சென்று தெரிகிறது, அவருக்கு நம் புள்ளி தெரிவதில்லை. அது இருண்ட வானத்தில் வெயில் பட்டு மின்னும் உலோகம். இது பச்சைக்கு நடுவே இன்னொரு பச்சை. மேலிருந்து எது தெரியும், எது தெரியாது என்பதை அளவு பாதி தீர்மானிக்கிறது. மீதிப் பாதி, அந்தப் பொருள் தன்னைச் சுற்றியுள்ளதிலிருந்து எவ்வளவு வேறுபட்டு நிற்கிறது என்பது.

பெருஞ்சுவர் தோற்பது இந்த இரண்டாவது பாதியில்தான். ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் நீளம் உண்மைதான். அகலம் சில மீட்டர். அங்கே இருந்த கல்லையும் மண்ணையும் கொண்டே கட்டியதால் மலையும் சுவரும் ஒரே நிறம். ஆறு மீட்டர் அகலச் சுவரை 400 கிலோமீட்டரிலிருந்து பார்ப்பது, ஒரு தலைமுடியை ஐந்து மீட்டர் தள்ளி நின்று பார்ப்பதற்குச் சமம். வெள்ளைத் தரையில் கறுப்பு முடி கிடந்தால் கூர்ந்து பார்ப்பவருக்கு ஒருவேளை தட்டுப்படும். கறுப்புத் தரையில் கிடந்தால்? அவ்வளவுதான். 2003 அக்டோபரில் விண்ணுக்குப் போன முதல் சீன வீரர் யாங் லிவெயிடம் திரும்பி வந்ததும் இதைத்தான் கேட்டார்கள். சுவர் தெரியவில்லை என்று அவர் நேர்மையாகச் சொன்னார். அடுத்த ஆண்டு நிலையத்தில் இருந்த அமெரிக்க வீரர் லிராய் சியாவ், 180 மில்லிமீட்டர் லென்ஸ் மாட்டிய கேமராவால் சீனாவின் உள் மங்கோலியாப் பகுதியைப் படம் எடுத்தார். அந்தப் படத்தைப் பெரிதாக்கி ஆராய்ந்த பிறகுதான் சுவரின் துண்டுகள் அதில் இருப்பது புலப்பட்டது. படம் எடுத்தவருக்கே வெறுங்கண்ணால் சுவரைப் பார்த்தோமா என்று உறுதியில்லை. இந்தக் கதை மனிதன் விண்ணுக்குப் போனதற்குப் பிறகு பிறந்ததும் இல்லை. 1930களிலேயே, நிலவிலிருந்து சுவர் தெரியும் என்று அச்சில் வந்துவிட்டது. போய்ப் பார்த்தவர் ஒருவரும் இல்லாத காலத்தில் எழுதியதை நாம் இன்னும் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

நிலவு என்றதும் அதையும் முடித்துவிடலாம். அது 3,84,400 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. அங்கே கண்ணின் ஒரு புள்ளி நூறு கிலோமீட்டரைத் தாண்டிவிடும். பெர்லிஸ் முதல் ஜொகூர் வரை நம் தீபகற்பமே ஏழு புள்ளி நீளம்தான். நீலம், வெள்ளை, கொஞ்சம் பழுப்பு, இவ்வளவுதான் தெரியும். மனிதன் கட்டியது எதுவும் தெரியாது.

சரி, தோட்டத்துக்கு வருவோம். 2,500 ஏக்கர் தோட்டம் என்றால் சுமார் 1,000 ஹெக்டர். சதுரமாக இருந்தால் ஒரு பக்கம் மூன்று கிலோமீட்டருக்குக் கொஞ்சம் அதிகம். 400 கிலோமீட்டர் உயரத்திலிருந்து அது எவ்வளவு பெரிதாகத் தெரியும் தெரியுமா? நாம் வாசலில் நின்று பார்க்கும் பௌர்ணமி நிலவைவிடக் கொஞ்சம்தான் சிறிது. பாப்பாவிடம் இதைச் சொல்லுங்கள். நிலவில் கறைகளைக் காணும் அளவுக்கு, மேலே இருப்பவர் உங்கள் தோட்டத்தில் பிளாக்குகளைக் காணலாம்.

அதற்கும் வேறுபாடு வேண்டும். பக்கத்துத் தோட்டமும் உங்கள் தோட்டமும் ஒரே வயதுச் செம்பனையாக (எண்ணெய்ப் பனை) இருந்தால் எல்லை தெரியாது. கம்பெனிப் பெயர்ப் பலகை வானத்திலிருந்து தெரியாது அல்லவா! ஆனால் செம்பனைக்கும் காட்டுக்கும் நடுவில் உள்ள கோடு நன்றாகவே தெரியும். காடு கரும்பச்சையாக, ஓரம் ஒழுங்கில்லாமல் இருக்கும். தோட்டம் கொஞ்சம் வெளிறிய பச்சையாக, கத்தரித்தது போல நேர்க்கோட்டு ஓரங்களோடு இருக்கும். இயற்கை அவ்வளவு நேராகக் கோடு போடுவதில்லை என்பதால் கண் அதைச் சட்டென்று பிடித்துக்கொள்ளும். பெரிய லென்ஸ் வைத்து எடுத்த படங்களில், மண் சாலைகள் பிளாக்குகளைக் கட்டம் கட்டமாகப் பிரித்திருப்பதும் தெரியும்.

ஒரு தோட்டம் மேலிருந்து மிக நன்றாகத் தெரியும் காலம் எது என்று யோசித்தால் எனக்குக் கொஞ்சம் மனம் கனக்கிறது. மறுநடவுக்காக மரங்களைச் சாய்த்த மாதங்கள்தான் அது. செம்பனையை ஏறக்குறைய 25 வருடத்துக்கு ஒருமுறை அழித்து மறுபடி நடுகிறார்கள். அப்போது செம்மண் நூற்றுக்கணக்கான ஏக்கருக்கு வெளியே வந்துவிடும். பச்சைக்கு நடுவே சிவப்பு. என் அப்பா பால் வெட்டிய ரப்பர் மரங்களைச் சாய்த்தபோது நான் படித்துக்கொண்டிருந்தேன். விடுமுறைக்கு வந்து பார்த்தால் லயத்து வாசலிலிருந்து அடிவானம் வரை ஒரே மண். அந்த லயத்தையும் பிறகு இடித்துவிட்டார்கள். நாங்கள் அங்கே வாழ்ந்த அத்தனை வருடமும் மேலிருந்து பார்ப்பவருக்கு அந்த இடம் வெறும் பச்சை. மரம் போன பிறகுதான் அது கண்ணில் படும் அடையாளமானது.

நம் பக்கத்தில் இன்னொரு அடையாளமும் உண்டு. கிந்தா பள்ளத்தாக்கில் ஈயம் தோண்டிவிட்டுப் போன குட்டைகள். வெளிறிய மணல், நடுவே தண்ணீர். சூரியன் சரியான கோணத்தில் இருக்கும்போது குட்டைகள், பேராக் ஆறு, வடக்கே தெமெங்கோர் ஏரி எல்லாம் சில வினாடிகளுக்கு வெள்ளித் தகடு போல மின்னும். ஆற்றையும் ஏரியையும் இப்படி வெயில் எதிரொளிக்கும் நேரத்தில் படம் எடுக்க விண்வெளி வீரர்களுக்கு மிகவும் பிடிக்கும். சாதாரண நேரத்தில் கண்ணில் படாத சின்ன ஓடைகள்கூட அப்போது தெரிந்துவிடும்.

சில வினாடிகள் என்று சொன்னது வெறும் பேச்சுக்கு இல்லை. அந்த நிலையம் மணிக்கு சுமார் 28,000 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது. சுங்கை சிப்புட்டிலிருந்து ஈப்போவைக் கடக்க நான்கு வினாடி போதும். அது பூமத்திய ரேகைக்கு 51.6 பாகை சாய்வாகச் சுற்றுகிறது. நம் தீபகற்பமும் வடமேற்கிலிருந்து தென்கிழக்காக ஏறக்குறைய அதே சாய்வில்தான் கிடக்கிறது. பாதை சரியாக அமைந்த நாளில், பெர்லிஸில் நுழைந்து தீபகற்பத்தின் முதுகெலும்பு மேலேயே ஓடி, இரண்டு நிமிடத்துக்குள் சிங்கப்பூர் பக்கம் வெளியே போய்விடலாம். பூமியை ஒருமுறை சுற்ற ஒன்றரை மணி நேரம். ஒரு நாளைக்கு ஏறக்குறைய 16 சூரிய உதயம். இதையெல்லாம் பார்ப்பதற்கென்றே 2010இல் ஏழு ஜன்னல் வைத்த ஒரு கூண்டை அங்கே பொருத்தினார்கள். நடு ஜன்னல் மட்டும் 80 சென்டிமீட்டர் அகலம்.

நம் நாட்டின் முதல் விண்வெளி வீரர் டாக்டர் ஷேக் முஸாபர் ஷுக்கோர் போனபோது அந்த ஜன்னல் அங்கே இல்லை. 2007 அக்டோபர் 10, இரவு ஒன்பது மணிக்கு மேல், கஸக்ஸ்தானின் பைக்கனூரிலிருந்து ராக்கெட் கிளம்பியது. எங்கள் ஊர் ஒட்டுக்கடையில் (சாலையோரச் சாப்பாட்டுக் கடை) தொலைக்காட்சி முன்னால் மலாய்க்காரர், சீனர், நம்மவர் என்று எல்லாரும் நின்றபடியே பார்த்தோம். தே தாரிக் ஆறிப்போனது. பதினொரு நாள் கழித்து அவர் தரை இறங்கினார். அந்த நாட்களில் நம் நாட்டுக்காரர் ஒருவர் நம் தலைக்கு மேலே போய்க்கொண்டிருந்தார் என்பதை நினைத்தால் இப்போதும் எனக்கு உடம்பு சிலிர்க்கிறது.

ஆனால் நம் நாட்டை மேலிருந்து பார்க்க நினைப்பவருக்குப் பெரிய தடை மேகம். வெப்பமண்டலத்தில் மதியத்துக்குப் பிறகு இடிமேகம் எழும்பிவிடும். ஈரக்காற்று வேறு எல்லாவற்றையும் வெளிறச் செய்துவிடும். வறண்ட இடங்களின் கதை வேறு. 1963இல் தனியாகப் பறந்த அமெரிக்க விண்வெளி வீரர் கோர்டன் கூப்பர், திபெத்துக்கு மேலே போகும்போது வீடுகளும் புகையும்கூடத் தெரிந்ததாகச் சொன்னார். பலர் நம்பவில்லை. 1965இல் அவர் மறுபடி பறந்தபோது, டெக்ஸஸிலும் ஆஸ்திரேலியாவிலும் தரையில் பெரிய பெரிய குறிகளை வைத்து அவர் கண்ணையும் உடன் சென்றவர் கண்ணையும் சோதித்தார்கள். விண்வெளியில் கண் பார்வை கூடவும் இல்லை, குறையவும் இல்லை என்பதுதான் முடிவு. அப்படியானால் அவர் பார்த்தது எப்படி? உயரமான, வறண்ட, தூசியில்லாத காற்று, சாய்ந்த வெயிலில் விழும் நீள நிழல், இவையெல்லாம் சேர்ந்தால் சிறியதும் பெரியதாகத் தெரியும். அதனால்தான் பாலைவனத்துச் சாலை ஒரு கோடாகத் தெரிகிறது. ஸ்பெயினில் அல்மெரியா பக்கம் காய்கறி வளர்க்கப் போட்ட பிளாஸ்டிக் கூரைகள் பல்லாயிரம் ஹெக்டருக்குப் பரவி, பனி விழுந்தது போல வெள்ளையாகத் தெரிகின்றன. மனிதன் செய்ததில் எது தெரியும் என்று கேட்டால் நான் முதலில் சொல்வது அந்தக் காய்கறித் தோட்டத்தைத்தான்.

புகைமூட்டத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். 1997, 2015 ஆண்டுகளில் நாம் அனுபவித்தது உங்களுக்கும் நினைவிருக்கும். 2015இல் பள்ளிகளையே மூடினார்கள். கீழே இருந்த நமக்கு எதிர் வீட்டு மாமரம் தெரியவில்லை. மேலே இருந்து பார்த்தால் சுமத்ராவிலும் கலிமந்தானிலும் கரி நிலம் எரிந்து, சாம்பல் நிறப் போர்வை ஒன்று மலாக்கா நீரிணையைத் தாண்டி நம் மேல் விழுந்து கிடப்பது தெளிவாகத் தெரிந்தது. புகை எங்கே தொடங்கி எங்கே போகிறது என்று அங்கிருந்து ஒரே பார்வையில் சொல்லிவிடலாம்.

ராமர் பாலம் தெரியுமா என்று பாப்பாவின் பாட்டி கேட்கக்கூடும். தெரியும். 1966இல் ஜெமினி 11 என்ற அமெரிக்க விண்கலத்திலிருந்து எடுத்த புகழ்பெற்ற படத்தில் இந்தியாவும் இலங்கையும் அவற்றின் இடையில் உள்ள கடலும் இருக்கின்றன. ஆழமில்லாத மணல்திட்டு வெளிர் நிறம், ஆழ்கடல் கருநீலம். கண்ணுக்குத் தெரிவது அந்த நிற வேறுபாடுதான். அது எப்படி உண்டானது என்பதைப் படத்தை வைத்துச் சொல்ல முடியாது.

இரவுதான் எல்லாவற்றையும் மாற்றிவிடும். பகலில் அளவு முக்கியம். இருட்டில் ஒரு விளக்கு எவ்வளவு சிறியதாக இருந்தாலும், போதிய வெளிச்சம் இருந்தால் நட்சத்திரம் போலப் புள்ளியாகத் தெரிந்துவிடும். பகலில் தேடிப் பிடிக்க வேண்டிய நகரங்கள் இரவில் தாமாகவே முன்னால் வந்து நிற்கும். நம் மேற்குக் கரையில் பினாங்கு, ஈப்போ, கோலாலம்பூர், தெற்கே சிங்கப்பூர் என்று விளக்குச் சங்கிலி ஓடும். திதிவங்சா மலைத்தொடர் கறுப்பாகக் கிடக்கும். தாய்லாந்து வளைகுடாவில் கடலுக்கு நடுவே பச்சைப் பொட்டுகள் கூட்டமாகத் தெரியும். கணவாய் பிடிக்கும் படகுகள் மீனைக் கவரப் போட்ட விளக்குகள் அவை. நாட்டு எல்லைகள் விண்ணிலிருந்து தெரியாது என்று அடிக்கடி மேடையில் பேசுவார்கள். பெரும்பாலும் சரிதான். ஆனால் இந்தியா, பாகிஸ்தான் எல்லை வேலியில் போட்டிருக்கும் பாதுகாப்பு விளக்குகள் இரவில் ஆரஞ்சு நிறப் பாம்பு போல வளைந்து ஓடுவது படங்களில் தெளிவாக இருக்கிறது.

1962 பிப்ரவரி 20 அன்று அமெரிக்க விண்வெளி வீரர் ஜான் கிளென் பூமியைச் சுற்றியபோது ஆஸ்திரேலியாவின் பெர்த் நகர மக்கள் வீட்டு விளக்கு, கடை விளக்கு, தெரு விளக்கு எல்லாவற்றையும் எரியவிட்டுக் காத்திருந்தார்கள். அவர் பார்த்தார், நன்றியும் சொன்னார். சுற்றிலும் பாலைவனமும் கடலுமாக இருட்டு, நடுவே ஒரே ஊர். அதனால் அது எடுபட்டது.

இதைக் கேட்டதும் தீபாவளி நினைவுக்கு வரும். ஒவ்வொரு தீபாவளிக்கும் புலனத்தில் (வாட்ஸ்அப்) ஒரு படம் சுற்றும். "தீபாவளி இரவில் விண்வெளியிலிருந்து இந்தியா" என்று நீலம், பச்சை, சிவப்பாக ஜொலிக்கும் படம். அது ஒரு இரவில் எடுத்த படமே இல்லை. பல வருடச் செயற்கைக்கோள் தரவுகளைச் சேர்த்து, எந்தக் காலகட்டத்தில் எங்கே புதிதாக விளக்குகள் கூடின என்று நிறம் பிரித்துக் காட்டிய வரைபடம் அது. வெள்ளை பழைய விளக்கு, சிவப்பு 2003 அளவில் புதிதாக வந்த விளக்கு. 2012 தீபாவளிச் சமயத்தில் நாசா உண்மையான இரவுப் படம் ஒன்றை வெளியிட்டு, பண்டிகைக்காக ஏற்றும் விளக்குகளின் கூடுதல் ஒளி விண்ணிலிருந்து பிரித்தறிய முடியாத அளவு குறைவு என்று விளக்கியது. நகரத்து விளக்குகள் ஏற்கெனவே அத்தனை பிரகாசம். அகல் விளக்கு அதில் கரைந்துவிடும். தயவுசெய்து அந்தப் படத்தை யாருக்கும் அனுப்பாதீர்கள். பிள்ளைகள் நம்பிவிடுகிறார்கள்.

பூமியைத் தவிரவும் பார்க்க நிறைய உண்டு. நம் ஊரில் மாலை நேர இடியைக் கேட்டே பழகியிருக்கிறோம். அவர்கள் அதே மின்னலை மேலிருந்து, சத்தமே இல்லாமல், மேகத்துக்குள் விளக்குப் போட்டு அணைத்தது போலப் பார்க்கிறார்கள். அடிவானத்தின் மேலே மெல்லிய பச்சைக் கோடு ஒன்று சூழ்ந்திருக்கும். சுமார் 100 கிலோமீட்டர் உயரத்தில் ஆக்சிஜன் அணுக்கள் தாமே வெளியிடும் ஒளி. எரிகல் நமக்குத் தலைக்கு மேலே விழும், அவர்களுக்குக் காலுக்குக் கீழே விழும். நட்சத்திரங்கள் சிமிட்டாது, ஏனென்றால் இடையில் காற்று இல்லை. பகல் பக்கத்தில் வானம் கறுப்பாக இருந்தாலும் நட்சத்திரம் தெரிவது கடினம். கீழே பூமி அவ்வளவு வெளிச்சமாக இருக்கும்போது கண்ணின் மணி சுருங்கிவிடும். திடல் விளக்கு எரியும்போது வானத்தைப் பார்த்தால் நமக்கும் அப்படித்தான்.

இன்னொரு குழப்பத்தையும் தீர்த்துவிடுகிறேன். கைப்பேசி வரைபடத்தில் வீட்டுக் கூரையும் காரும் தெரிகிறதே என்று கேட்பார்கள். அவை ஆளில்லாச் செயற்கைக்கோள்களும் விமானங்களும் பெரிய கேமராவால் எடுத்தவை. 30 சென்டிமீட்டர் அளவுப் பொருளைக்கூடப் பிரித்துக்காட்டும் செயற்கைக்கோள்கள் உண்டு. மனிதக் கண் அதற்குப் பக்கத்தில்கூட வராது.

பாப்பாவை ஒரு நாள் திடலுக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். சூரியன் மறைந்து ஒரு மணி நேரத்துக்குள், அல்லது விடியலுக்கு முன்னால், நீங்கள் பிரட்டுக்கு (காலையில் வேலைக்கு ஆள் கூடும் இடம்) கிளம்பும் நேரம். நமக்கு இருட்டிவிட்டாலும் 400 கிலோமீட்டர் உயரத்தில் இன்னும் வெயில் இருக்கும். எந்த நாள், எத்தனை மணி, எந்தத் திசை என்று நாசாவின் 'Spot the Station' செயலியில் பார்த்துக்கொள்ளலாம். ஆலை விளக்கு முதுகுப் பக்கம் இருக்கும்படி நில்லுங்கள். விமானம் போல மினுக்கி மினுக்கிப் போகாது. ஒரே சீரான வெளிச்சமாக, சத்தமில்லாமல், நான்கைந்து நிமிடத்தில் வானத்தைக் கடக்கும். சில நாட்களில் பாதி வானத்திலேயே மங்கி மறைந்துவிடும். பூமியின் நிழலுக்குள் போய்விட்டது என்று அர்த்தம், பயப்பட வேண்டாம். மேகம் மூடியிருந்தால் திரும்பி வந்துவிடுங்கள், இன்னொரு நாள் வரும். தெரிந்தால், அதன் நீளம் எவ்வளவு என்று பாப்பாவையே கேளுங்கள். திடலின் இந்தக் கோலிலிருந்து அந்தக் கோல் வரை நடந்துவிட்டு வந்து சொல்லச் சொல்லுங்கள்.